நான் அழாத அழுகை

அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். நெல்லியாளத்தில் மழை விட்டதா, உங்கள் முழங்கால் வலி தேவலையா?

பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நேற்று சென்னை ஸ்டுடியோவில், நான் நடித்த படத்தைப் பார்த்து வெலவெலத்துப்போனேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக என் முகம் திரையில் கதறியது. அந்தக் காட்சியில் நான் நடிக்கவே இல்லை! என் முகத்தைப் படமெடுத்து வைத்து, அழுகையைக் கம்ப்யூட்டரிலேயே செய்துவிட்டார்களாம்.

"ஏனுங்க, இது நானில்லீங்களே" என்றேன்.

"அடுத்த படத்துக்கு நீங்க வரவே வேண்டாம், உங்க முகத்தை நாங்க பயன்படுத்திக்கலாம்னு கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார் டைரக்டர்.

போடாமல் வந்துவிட்டேன்.

எஸ்டேட் டீத்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே டீ வாயில் வைக்க முடியவில்லை. அந்தப் படம் கூடலூருக்கு வந்தால், நான் அழுவதாக நினைத்துப் பதறாதீர்கள். நிஜமாக அழுகை வந்தால் உங்களிடம்தான் வருவேன்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்; அறைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

கலைமதி