கிழக்கு வாசலை மூடும் உத்தரவும் முப்பத்தேழு பேர் கணக்கும்

அனுப்புநர்:
கிழக்கு வாசல் சைக்கிள் ஸ்டாண்டு நடத்துபவன் (ஊருக்கெல்லாம் மாமா),
ரயில் நிலையத்தின் கிழக்குச் சுவரை ஒட்டிய தகரக் கொட்டகை.

பெறுநர்:
உயர்திரு நகரத் திட்டம் மற்றும் போக்குவரத்து அதிகாரி அவர்கள்.

பொருள்: ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலை மூடி, அவ்விடத்தில் கார் ஏறும் சாய்தளம் கட்டும் உத்தரவை நிறுத்தி வைக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: வாசல் கம்பியில் ஒட்டப்பட்ட தங்கள் அலுவலக அறிவிப்பு.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவில் நான் சொல்லப்போகும் கதையை ஈரேழு பதினான்கு லோகத்திலும் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று முதலிலேயே உறுதி கூறுகிறேன். தாங்களும் நம்ப வேண்டியதில்லை. முழுவதும் படித்தால் போதும்.

1. நான் மேற்படி வாசலில் இருபத்திரண்டு ஆண்டுகளாக சைக்கிள் ஸ்டாண்டு நடத்துகிறேன். ஒரு காலத்தில் தினம் முப்பதாயிரம் சைக்கிள்கள் நின்றன. மணியோசையை வைத்தே இது தையற்காரர், இது மருந்துக்கடைக்காரர், இது வீட்டில் சண்டை போட்டுவிட்டு வரும் கொத்தனார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

2. பிறகு தங்கள் அலுவலகம் ஒரு விதி கொண்டுவந்தது. ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உயரமாகக் கட்டிக்கொள்ளலாம். நிறையப் பேர் அங்கே குடியிருக்கட்டும், ரயிலில் போகட்டும், சாலையில் கார் குறையட்டும் என்றது அவ்விதி. அதை எழுதிய கைக்கு வைரக் காப்பே போடலாம். எங்கள் தெருவில் நாற்பது வீடுகள் இடிக்கப்பட்டு ஏழு கோபுரங்கள் எழுந்தன. அவற்றின் உச்சிக்குப் பறந்த காகம் இறங்கி வருவதற்குள் பேரன் பேத்தி எடுத்துவிட்டது. பிற்பகல் மூன்று மணிக்கே எங்கள் தெருவில் சூரியன் அஸ்தமித்துவிடுகிறது. கோழிகள் குழம்பிப்போய் இரண்டு வேளை கூவுகின்றன.

3. ஆனால் ஐயா, அக்கோபுரங்களில் முதல் ஆறு மாடியும் கார்களுக்கு. அதற்கு மேலுள்ள வீடுகளில் பாதி, வாங்கிப் பூட்டிப் போடப்பட்டவை. திரைச்சீலை இல்லாத அந்த ஜன்னல்கள் எந்நேரமும் எங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கின்றன. மீதிப் பாதியில் குடியிருப்போர் காரில் இறங்கிக் காரில் ஏறுகிறார்கள்; ரயில் சத்தம் கேட்டால் கதவைச் சாத்துகிறார்கள். ரயிலையே நம்பிப் பிழைத்த தையற்காரரும் கொத்தனாரும் பேருந்துகூட எட்டிப் பார்க்காத இடத்துக்குக் குடிபோனார்கள். ரயிலுக்குப் பக்கத்தில் கார் உறங்குகிறது, ரயிலில் போக வேண்டியவன் பத்து மைலுக்கு அப்பால் உறங்குகிறான். குடிபோன அவசரத்தில் பதினொரு பேர் சைக்கிளை என்னிடமே விட்டுவிட்டார்கள். தினமும் துடைத்து வைக்கிறேன். கேட்டு யாரும் வரவில்லை.

4. இந்நிலையில்தான் மேற்படி அறிவிப்பு ஒட்டப்பட்டது. கிழக்கு வாசலை நாளொன்றுக்கு முப்பத்தேழு பேர் மட்டுமே பயன்படுத்துவதாகக் கணக்கெடுப்பில் தெரியவந்ததால், வரும் முதல் தேதியிலிருந்து அது நிரந்தரமாக மூடப்படும் என்கிறது. அந்த முப்பத்தேழின் வரலாற்றைத் தங்கள் முன் சமர்ப்பிக்க வேண்டியவன் அடியேன்தான்.

5. கணக்கெடுக்க வந்த அலுவலர் மிக நல்ல மனிதர். காலை ஆறு மணிக்கே மடக்கு மேசை, நாற்காலி சகிதம் வந்து வாசலின் நட்டநடுவில் அமர்ந்தார். இரண்டு பேர் சேர்ந்து நுழையும் அகலம்தான் அவ்வாசல். மேசை போக மிஞ்சிய சந்தில் பூனை போகலாம், அதுவும் பட்டினிப் பூனை. எதற்காக வந்திருக்கிறார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அரசாங்க அலுவலர் குனிந்து எழுதும்போது மேசையை இடிப்பது மரியாதையா? எனவே முதல் ரயிலுக்கு வந்த கூட்டத்தை நான்தான் மறித்து, கொட்டகைக்குப் பின்னால் சுவர் இடிந்த வழியாக அனுப்பினேன். "சார் எழுதிட்டிருக்காருப்பா, தொந்தரவு பண்ணாதீங்க, இப்படிப் போங்க" என்று அன்று முழுவதும் தொண்டை கிழியச் சொன்னேன். எங்கள் ஜனங்களும் தங்கமானவர்கள். செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடந்தார்கள். மேசையைச் சுற்றி நெளிந்து போனவர்கள் மரியாதை தெரியாத இருபத்து மூன்று பேர். மீதிப் பதினான்கும் நான். ஏழு முறை அவருக்குத் தேநீர் வாங்கப் போனேன், ஏழு முறை வந்தேன்.

மாலையில் மேசையை மடக்கியபடி அவர், கூட்டமே இல்லாத நிம்மதியான ஸ்டேஷன் என்று பாராட்டிவிட்டுப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சுவரின் அந்த உடைப்பை மறுவாரமே ஆள் வந்து பூசி அடைத்தார்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

6. என் தங்கை ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறாள். முதல் ரயிலைப் பிடித்தால்தான் அவளுக்கு வேலை. கிழக்கு வாசலை மூடினால் மேம்பாலத்தைச் சுற்றி, நடைபாதையில்லாத சாலையில், கார்களுக்கிடையே ஒன்றரை மைல் நடந்து மேற்கு வாசலுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும். அறிவிப்பை அவளுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"சுத்திப் போக என்னால ஆகாதுண்ணே. தாண்டிருவேன். ரெண்டு எட்டுதானே. இப்பவே பழகிக்கிறேன்."

வாசல் இன்னும் திறந்துதான் இருக்கிறது. ஆனால் சென்ற திங்கட்கிழமையிலிருந்து அவள் அவ்வழியே வருவதில்லை. கொட்டகை ஓரத்து வேலி இடுக்கில் புகுந்து தண்டவாளத்தைத் தாண்டிப் போகிறாள். நேற்று அவள் பின்னால் நால்வர் போனார்கள். இன்று பன்னிரண்டு பேர். நான் கத்தினேன், ஒருவரும் திரும்பவில்லை. வழக்கமாக நான் காட்டும் வழியில் போகிறவர்கள்தான் ஐயா அவர்கள்.

ஆகவே, வாசலுக்கு வெளியே ஓரமாக உட்கார்ந்து மறுபடியும் ஒரு நாள் எண்ணும்படியும், அதுவரை வாசலை மூடாதிருக்கும்படியும், இனி நிலையத்தருகே உயரக் கட்ட அனுமதி கேட்பவரிடம் கார் எத்தனை நிற்கும் என்பதற்கு முன் ரயிலேறும் மனிதர் எத்தனை பேர் குடியிருப்பார்கள் என்று கேட்கும்படியும் தங்கள் பாதம் தொட்டு வேண்டுகிறேன். மறுகணக்கின்போது நான் கொட்டகையை விட்டு அசையமாட்டேன். தேநீரும் தரமாட்டேன்.

இடம்: கிழக்கு வாசல்
நாள்: அது மூடப்பட இன்னும் பத்தொன்பது நாள்

தங்கள் கருணையை எதிர்பார்த்து வாசலிலேயே நிற்கும்,
சைக்கிள் ஸ்டாண்டு மாமா
(ஒப்பம்)

பின்குறிப்பு: முப்பதாயிரம் சைக்கிள் என்பது நூற்றெண்பது. காகமும் கோழியும் என் கைச்சரக்கு. மரியாதை தெரியாதவர்கள் இருபத்து மூன்று பேர், மீதிப் பதினான்கு நான் என்பதும் ஒரு குத்துமதிப்புதான். என் தங்கை சொன்னதில் மட்டும் ஓர் எழுத்தும் நான் கூட்டவில்லை. அவள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. வெளுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று நின்று அவளுக்கு இடது காது கேட்காது. முதல் ரயில் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது.