அம்மாவின் முப்பது கோழிகள்

அன்புள்ள அக்கா,

நேற்று ஒரு சேவல் துரத்தி, நான் கூரைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். தெருவே வேடிக்கை பார்த்தது. அம்மாதான் ஏணி கொண்டுவந்து இறக்கினாள்.

"அம்மாவைத் தனியாக விடாதே, உன்னோடு கூட்டிக்கொண்டு போ" என்று எழுதியிருந்தாய். அதற்குத்தான் வந்தேன். மாதம் தவறாமல் வரும் முதியோர் உதவித்தொகையில், சாப்பாட்டுச் செலவு போக, மாதம் ஒரு கோழியாக வாங்கி முப்பது சேர்த்திருக்கிறாள். டீக்கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இவள் முட்டைதான்.

அவித்த முட்டை ஒன்றை நமக்கு நூலால் இரண்டாக அறுத்துக் கொடுப்பாளே, ஞாபகமிருக்கிறதா? மஞ்சள்கரு அதிகமிருந்த பாதிக்காக நீ என் காதைத் திருகுவாய். அம்மா, "எனக்கு முட்டை வாடையே ஆகாது" என்பாள். இப்போது என் எதிரே உட்கார்ந்து இரண்டு சாப்பிடுகிறாள்.

"என்னடா பாக்கிற? இப்பதான் பிடிக்க ஆரம்பிச்சுது."

வந்த புதிதில், "கோழியெல்லாம் வித்துட்டு என்னோட வந்துடும்மா" என்றேன்.

"வந்து? உன் வீட்டு ஜன்னல்ல உக்காந்து பஸ்ஸ எண்ணவா? போடா, போய்க் கூண்டைக் கழுவு."

கழுவினேன். அவள் வரமாட்டாள் அக்கா, வற்புறுத்த எனக்கும் மனமில்லை.

பதிலை இந்த முகவரிக்கே போடு. நகரத்து வீட்டைக் காலி செய்துவிட்டு நான் அம்மாவோடு இங்கேயே தங்கி நாலு மாதமாகிறது.

காது இன்னும் சிவந்திருக்கும்
உன் தம்பி