மாப்பிள்ளை தூங்குகிறார்

கோயம்புத்தூர்

சிரஞ்சீவி ஸ்ரீனிவாசுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. உன் சுகத்தை விசாரிக்கப் போவதில்லை, அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை காரமடையில் பெண் வீட்டாரோடு உட்கார்ந்து எல்லோரும் பார்த்தோமே. போனில் பேசினால் வேறெதையோ விரலால் தள்ளிக்கொண்டே சரிம்மா சரிம்மா என்பாய், அதனால்தான் காகிதம்.

நான்கு மணி நேரத் தூக்கம் போதும், ஜெயித்தவர்கள் எல்லாம் அப்படித்தான் என்று பீற்றிக்கொண்டாய். வாரம் முழுக்க விடியும்வரை போனைத் தடவிவிட்டு வெளிநாட்டிலிருந்தே வீடியோவில் பெண் பார்க்க வந்த ஜெயித்தவர், லாஸ்யா காபித் தட்டோடு வந்து நின்றபோது வாயைப் பிளந்து தூங்கிப்போனார். நான் கண்ணு, கண்ணு என்று லேப்டாப்பை உலுக்கினேன். பெண்ணின் அப்பா வெங்கடபதி பதறிப்போய், "விடுங்கம்மா, பாவம், தூங்கட்டுமுங்க" என்று, சத்தம் உன்னை எழுப்பிவிடாமலிருக்க ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்தார். நம் ஊர் மரியாதைதான் உனக்குத் தெரியுமே, மாப்பிள்ளை முகத்தில் லேப்டாப்பை மூடுவதா என்று ஒருவரும் அதைத் தொடவில்லை. உன் குறட்டையைக் கேட்டுக்கொண்டே கேசரி தின்றோம், மண்டபம் பற்றியெல்லாம் குசுகுசுவென்று பேசினோம். எங்களை வழியனுப்பிய வெங்கடபதி உன் பக்கமும் திரும்பிக் கைகூப்பி, "போயிட்டு வாங்க மாப்பிள்ளை" என்று மெல்லச் சொன்னார். அப்பா காரில் ஏறும்வரை தலை நிமிரவில்லை.

மறுநாள் லாஸ்யாவே போன் செய்தாள். சம்பந்தம் போச்சு என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்தேன். அவள் சொன்னது வேறு. "குறட்டை பரவாயில்லைங்க அத்தை. ஆனா நடுநடுவுல மூச்சே நின்னுபோட்டு அப்புறம் திணறித் திணறி வந்துச்சுங்க. டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லுங்க." நாங்கள் எல்லோரும் வெட்கத்தில் குனிந்திருந்தபோது அந்தப் பெண் ஒருத்திதான் உன்னைக் கவனித்திருக்கிறாள். அந்த ஊரில் தனியாகப் படுக்கிறாய், தனியாகக் கார் ஓட்டுகிறாய், உலுக்கி எழுப்ப யார் இருக்கிறார்கள்? இதை அன்றே உன்னிடம் போனில் சொன்னதற்கு, கல்யாணத்துக்கு முன்பே வைத்தியமா என்று சிரித்தாய். சிரிக்கிற நேரத்தில் தூக்கத்தைச் சோதிக்கிற டாக்டர் ஒருவரைத் தேடு. மல்லாந்து படுக்காதே, ஒருக்களித்துப் படு. போனைச் சமையலறையில் சார்ஜ் போடு, அது நீ தாலி கட்டிய பெண்டாட்டி அல்ல. சாயங்காலம் காபி வேண்டாம். லீவு நாளானாலும் அதே நேரத்துக்கு எழுந்திரு, மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளத் தூக்கம் என்ன ஆடித் தள்ளுபடிச் சரக்கா?

பெண் வீட்டில் என்ன பதில் என்று கேட்டிருந்தாய். வெங்கடபதி பெண் இஷ்டம் என்றுவிட்டார். லாஸ்யா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தூங்கற முகத்தைப் பாத்துட்டேனுங்க அத்தை. நல்லாத் தூங்கி எந்திரிச்ச முகத்தை ஒருக்காப் பாத்துட்டுச் சொல்றேனுங்க."

ரங்கநாதர் உனக்குத் தீர்க்காயுசும் நிம்மதியான தூக்கமும் கொடுக்கட்டும். டாக்டரைப் பார்த்துவிட்டுக் கூப்பிடு, அதற்கு முன் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னால் தூக்கம் கெட்ட அம்மா,
ரங்கநாயகி