நம்ம தோட்டம் மட்டும் சாம்பல் நிறம்

றொசல்ல
08.07.2007

என் அன்பு மகள் ரோகினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மன் துணையில் அப்பா, தனு, நான் மூவரும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே நோய் நொடியில்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும். உடம்புக்குத்தான் சுகம், என் மனதுக்கு இல்லை. போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். வீட்டுக்கு வீடு ஒரு சுவர்தானே இந்த லயத்தில், போனில் பேசினால் அடுத்த காம்பராவுக்கு ஒரு சொல் விடாமல் கேட்கும், அடுத்த காம்பராவில் மீனம்மா இருக்கிறாள், அவள் காதுபட இதைப் பேச எனக்கு முகம் இல்லை.

மழை விட்டபாடில்லை. கூரைத் தகரம் அடுப்புக்கு நேர் மேலே ஒழுகுகிறது, அப்பா சாக்கை மடித்துச் சொருகி வைத்திருக்கிறார், தோட்டத்துத் தொரைக்குச் சொல்லியாகிவிட்டது, சங்கத் தலைவருக்கும் சொல்லியாகிவிட்டது, இனி மழைக்குத்தான் சொல்ல வேண்டும். அப்பாவின் முழங்கால் வீக்கத்துக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள், இப்போது பரவாயில்லை. நீ அனுப்பிய ஸ்வெட்டரை அவர் ஆலைக்குப் போட்டுப் போக மாட்டேன் என்கிறார், தேயிலைத் தூசி பட்டுவிடுமாம், பெட்டியில் வைத்து அழகு பார்க்கிறார்.

நீ சித்திரைக்கு வந்தபோது அடுப்படியில் உட்கார்ந்து உங்கள் ஒபிசில் செய்துகொண்டிருந்த வெப்சைட்டைப் பற்றிச் சொன்னாய் அல்லவா, தோட்டத்துப் பிள்ளைகளைக் கொழும்பில் தங்கவைத்துக் கம்ப்யூட்டர் படிப்பிக்கிறார்களே, அந்தப் படிப்புக்கு மனுப் போடுவதற்கான வெப்சைட். தோட்டங்களின் பெயரெல்லாம் நீலத்தில் வரிசையாக இருக்கும், அவரவர் தோட்டத்தின் பெயரை அமுக்கினால் மனு வரும், ஒரு தடவை அமுக்கிய பெயர் அந்தக் கம்ப்யூட்டரில் சாம்பல் நிறமாகிவிடும், எங்கே போய்வந்தோம் என்று தெரிவதற்கு என்றாய். எனக்குப் புரியாது என்று நினைத்து, "மிதிச்ச புல்லு மாதிரிம்மா, ஆள் போன தடம் தெரியும்ல" என்று சொன்னாய். எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நானும் தனுவும் மீனம்மாவும் அவள் மகள் புஸ்பராணியும் ஒன்றாக பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனோம். டவுனில் கம்ப்யூட்டர் கடை ஒன்றுதான், அதிலும் வேலை செய்வது ஒரு கம்ப்யூட்டர்தான். தனுவை முதலில் உட்காரச் சொன்னதும் மீனம்மாதான், ரோகினியின் தங்கச்சி ராசியான கை என்றாள். தனு நம் தோட்டத்தை அமுக்கி மனுவை நிரப்பி அனுப்பிவிட்டு எழுந்தாள், புஸ்பா உட்கார்ந்தாள். அப்போது பார்த்தால் மற்றத் தோட்டங்களெல்லாம் நீலமாக இருக்கின்றன, நம்முடையது மட்டும் அடுப்புச் சாம்பலாக மங்கிக் கிடக்கிறது. கடைக்காரர் போட்டோ கொப்பி எடுக்க வந்தவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். புஸ்பா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மீனம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னா நாகு, நம்ம தோட்டம் மட்டும் செத்துக் கெடக்கு, முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும் ரோகினி. நீ சொன்ன புல் என் கண் முன்னால் நின்றது. ஒரு தோட்டத்துக்கு ஓரிருவரைத்தான் எடுப்பார்கள் என்பதும் தெரியும், ஓ.எல். பரீட்சையில் கணக்கிலும் இங்கிலீசிலும் புஸ்பா நம் தனுவைவிட எவ்வளவு மேலே என்பதும் தெரியும். நான், "தெரியலயே மீனா" என்றேன். தனு ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அவள் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினேன். எதற்கும் ஒரு தடவை அமுக்கிப் பார் என்று மீனம்மா சொன்னதற்குப் புஸ்பா, "வேணாம்மா, நான் அமுக்கி தனுவோடது அழிஞ்சிருச்சின்னா" என்று எழுந்துவிட்டாள். அப்போதாவது என் வாய் திறந்திருக்க வேண்டும். பஸ்ஸில் மீனம்மா நாலு வடை வாங்கினாள், நல்லதாகப் பார்த்துத் தனுவுக்குக் கொடுத்து, "நம்ம லயத்துல ஒரு புள்ளைக்காச்சும் கெடச்சிச்சே" என்றாள். என் பங்கை நான் சாப்பிடவில்லை, தலை சுற்றுகிறது என்று பொய் சொன்னேன்.

திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக்களத்தில் மீனம்மா எல்லோரிடமும் சொன்னாள், நம் தோட்டம் முடிந்துவிட்டதாம் என்று. யாரும் அதற்குப் பிறகு ஹட்டனுக்குப் போகவில்லை. முடிந்துவிட்டது என்று யார் சொன்னது என்று ஒரு ஆள் கேட்கவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். வீடு கட்டிக் கொடுக்கிறோம் என்றார்கள், போய்க் கேட்டால் முடிஞ்சிருச்சி. தோட்டத்து டிஸ்பென்சரியில் நல்ல மருந்து முடிஞ்சிருச்சி. பிள்ளைக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் முடிஞ்சிருச்சி. இத்தனை வருசமாக இதையே கேட்ட சனத்துக்கு மங்கின நிறத்தைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்? நீ கொழும்பில் உட்கார்ந்து மிதித்த புல் என்று நினைத்துச் செய்தாய். நம் ஆட்களுக்கு அது சாத்திய கதவு. உன்னைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, கதவு திறந்துதான் கிடக்கிறது என்று தெரிந்தும் பக்கத்தில் நின்றவள் நான். ஆனாலும் சொல்கிறேன், நீ இந்த லயத்தில் பிறந்தவள், உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் பேசாமல் இருந்தேன். தனு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போவதையே விட்டுவிட்டாள், புஸ்பாவைப் பார்க்க வேண்டிவருமாம், என்னிடமும் சரியாகப் பேசுவதில்லை. போன வாரம் புஸ்பா கொழுந்து பறிக்கப் பேர் கொடுத்து மலைக்கு வந்துவிட்டாள். எனக்கு அடுத்த நிரையில் நிறுத்தினார்கள். உடுப்புக்கு மேல் கட்டும் புதுப் படங்கை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றியும் நிற்கவில்லை, அவ்வளவு ஒல்லி. கொழுந்தை எப்படிக் கிள்ளுவது என்று என்னிடம்தான் கேட்டாள், "சொல்லித் தாங்க அத்தை" என்று. சொல்லிக்கொடுத்தேன். அவள் விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தேன் ரோகினி. அன்று கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போகும் வழியில் மீனம்மாவை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். என் தலைமுடியைப் பிடித்து இழுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூடையை இறக்கக்கூட இல்லை, "மொதல்ல என் புள்ள மனு எழுதட்டும். ஒன்னையப் பெறகு பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

நேற்று மீனம்மாவும் புஸ்பாவும் அரைநாள் பேரோடு மலையை விட்டு இறங்கி ஹட்டனுக்குப் போய் வந்துவிட்டார்கள், கடைசித் தேதிக்கு இன்னும் கொஞ்சம் நாள் இருந்தது கடவுள் புண்ணியம். மீனம்மா தனுவையும் கூட்டிப் போனாள், என்னை வர வேண்டாம் என்றாள். அந்தச் சாம்பல் பெயரை அமுக்கியதும் மனு வந்ததாம். தனு வந்து சொன்னாள், மீனம்மா திரையில் நம் தோட்டத்தின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாளாம். இன்றைக்குப் பீலியில் என் குடத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் தன் குடத்தை வைத்தாள்.

நீ செய்ய வேண்டியது இரண்டு. அந்த நிறத்தை மாற்று, முடியாவிட்டால் பக்கத்திலேயே இன்னும் மனுப் போடலாம் என்று தமிழில் பெரிதாகப் போடு. மற்றது, தனுவுக்காக உங்கள் ஒபிசில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இதை எழுதும்போதும் தனுவுக்கே கிடைக்க வேண்டும் என்றுதான் என் மனது அடித்துக்கொள்கிறது, அதை உன்னிடம் மறைத்து என்ன செய்யப்போகிறேன். அதனால்தான் சொல்கிறேன், நான் நாளைக்குப் போன் எடுத்து அழுதாலும் பேசாதே.

ராத்திரியில் தலைக்குக் குளிக்காதே, ரோட்டில் சோதனை நடக்கும்போது அடையாள அட்டை கையில் இருக்கட்டும். நீ நல்லாயிருக்க வேண்டும், உன்னால் நாலு பிள்ளைகள் நல்லாயிருக்க வேண்டும், மாரியாத்தா உனக்குக் காவல் நிற்பாள். முடிவு வந்ததும் போன் பண்ணாதே, எழுதிப் போடு. எந்தப் பிள்ளையின் பெயர் இருந்தாலும் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் மீனம்மாவின் வாசலில் நின்று நானே வாசிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
வீ. நாகலெட்சுமி