இளவரசிக்குப் போட்ட லோரி முடிச்சு

ஞாயிறு, கோயில் திருவிழா முடிந்த இரவு

மேடை ஏறியதுமே என் தொந்தியில் கட்டியிருந்த அரைக்கச்சை அவிழ்ந்துவிட்டது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் இளவரசியைக் கடத்தினேன். எங்கள் பழைய எஸ்டேட் கோயில் நாடகத்தில் காதல் ஜோடியாகப் புருஷன் பெண்டாட்டிதான் நடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊர் வாய் மூடாது. அதனால் நான் கடத்தல்காரன், என் மனைவி சரசு இளவரசி.

ராஜா உத்தரவுக்குப் பயந்து அவளைத் தூக்கி வந்தவன், அவள்மேல் ஆசைப்பட்டு, கடைசியில் கைக்கட்டை அவிழ்த்து அனுப்பிவிட வேண்டும். லோரி ஓட்டுகிறவனின் பழக்கதோஷம், அவள் கையில் சரக்குத் தார்ப்பாய்க்குப் போடும் முடிச்சைப் போட்டுவிட்டேன். இழுக்க இழுக்க இறுகியது. சரசுவின் மணிக்கட்டு சிவந்தது.

"மச்சான், அறுக்கப் பாராங் கத்தி எடுத்தாரவா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

சரசு வசனத்தை விட்டுவிட்டுச் சபையைப் பார்த்தாள். "கல்யாணமான நாள்லேருந்து என்னைய எறக்கியே விடாத லோரி இது லா!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "சிலிம் ரிவர் டவுன்ல அக்காவோடயே போய் இருந்துக்கிறேன், இனி வரமாட்டேன், என்னைய விட்டுருங்க" என்று காலையில்தான் கேட்டிருந்தாள். நாடகம் முடியட்டும் என்று நழுவியிருந்தேன்.

மேளக்காரர் கத்தி கொடுத்தார். கயிற்றை அறுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கடைசி வசனத்துக்காகக் காத்திருந்தாள். எனக்கு அது மனப்பாடம். திரை விழும்வரை வாயைத் திறக்கவில்லை.

இப்போது பக்கத்து அறையில் மணிக்கட்டுக்குத் தைலம் தேய்க்கிறாள். வாசனை இங்கே வருகிறது.

"இனி நீங்கள் போகலாம், இளவரசி." அவ்வளவுதான் வசனம்.