அக்கா பக்கத்துக் கண்ணாடி

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் போகவில்லை. முழங்கால் ஆபரேஷன் முடிந்த அக்காவை பிசியோதெரபிக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. காரில் ஏற்றி, முன்சீட்டைப் பின்னால் தள்ளி, மடங்காத காலை நீட்டி வைத்து, கதவைச் சாத்தினால் — அவள் பக்கத்துக் கண்ணாடி இறங்க மாட்டேன் என்கிறது. மூடின காரில் அவளுக்குக் குமட்டும். ஏசி போட்டால் இன்னும் மோசம். பின்சீட்டில் கால் நீட்ட இடமில்லை. வாடகைக் கார் வேண்டவே வேண்டாமாம். தெருமுனை வரை போய்த் திரும்பினோம்.

என் கார் பழசு, அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அத்தானைத்தான் பொறுக்க முடியவில்லை. கார் ஓட்டவே தெரியாத கணக்கு வாத்தியார், ரிடையர் ஆனதும் கரண்ட் சோதிக்கிற மல்டிமீட்டர் ஒன்று வாங்கினார். அன்றிலிருந்து எந்த மெக்கானிக்கும் அவர் கண்ணுக்கு மனுஷனாகத் தெரிவதில்லை. "நான் எதுக்கு இருக்கேன்? நீ வெளியில விட்டேன்னா அப்புறம் உன்கூடப் பேசமாட்டேன்" என்கிறார்.

மார்ச் 5, புதன்

ஃப்யூஸ் நன்றாக இருக்கிறதாம். இதைக் கண்டுபிடிக்க அத்தானுக்கு அரைநாள்.

மார்ச் 6, வியாழன்

நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் என் வீட்டுக்கு வந்து, சுவிட்சை மாற்றி, கதவைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். போனில் ஒரே பெருமை: "ஏறுது, இறங்குது, பத்து தடவை பாத்துட்டேன்."

சாயங்காலம் அக்கா ஏறினாள். கதவைச் சாத்தினேன். அவள் அமுக்கினாள், நான் என் பக்கத்துச் சுவிட்சை அமுக்கினேன். அசையவில்லை.

போன் செய்தேன். "எப்படி அமுக்கினே?"

"விரலாலதான் அத்தான்."

"தட்டிட்டு விடக்கூடாது. அழுத்திப் பிடிக்கணும். ரெண்டு பேருக்கும் பொறுமையே கிடையாது."

எனக்கா பொறுமை கிடையாது? கூட வந்து ஒரு தடவை பாருங்கள் என்றால், ஆஸ்பத்திரி வாடையே ஆகாது என்பார். கட்டின பெண்டாட்டி போகிற இடம், இவருக்கு வாடை ஆகாது!

மார்ச் 11, செவ்வாய்

பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடி மூடியபடியே போனோம். வழியில் அக்கா வாந்தி எடுத்தாள்.

பிசியோதெரபிஸ்ட் காலை மடக்கி அளந்துவிட்டு முகத்தைச் சுளித்தார். வீட்டில் பயிற்சி செய்கிறாயா என்று கேட்டதற்கு அக்கா தலையாட்டினாள். எங்கே செய்கிறாள்? "இந்த மாசத்துக்குள்ள தொண்ணூறு டிகிரியைத் தொடலேன்னா டாக்டர் மயக்கம் கொடுத்துதான் மடக்குவாரு" என்றார்.

மார்ச் 12, புதன்

கண்ணாடியின் மோட்டாரை மாற்றினாராம். "இனிமே இறங்கலேன்னா அது உங்க கைராசி."

மார்ச் 13, வியாழன்

எங்கிருந்து ஆரம்பிப்பது.

வழக்கம்போல இறங்கவில்லை. தெருமுனை தாண்டுவதற்குள் அக்கா "நிறுத்துடி" என்றாள். நிறுத்தினேன். அவள் கதவைத் திறந்து வெளியே குனிந்தாள். எனக்கு வந்த கோபத்தில் சுவிட்சை விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தேன் — கண்ணாடி சரசரவென்று இறங்கியது!

ஏற்றினேன். ஏறியது. கதவைச் சாத்தச் சொல்லி அமுக்கினேன். செத்த பிணம். திறந்தால் உயிர். அப்போதுதான் உறைத்தது. அத்தான் கதவை அகலத் திறந்துவைத்து, பக்கத்தில் குந்தி உட்கார்ந்துதானே வேலை செய்வார்! சாத்தின கதவை அவர் ஒரு நாளும் சோதித்ததே இல்லை. திறந்த கதவை நாங்கள் சோதித்ததில்லை. இதற்கா இத்தனை சண்டை?

கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தினேன். நல்ல காற்று. "கிளம்பலாமா?" என்றேன்.

"இன்னைக்கு வேண்டாம்டி. திரும்பிடலாம்."

கத்திவிட்டேன். "என்னதான் வேணும் உனக்கு? இந்தக் கண்ணாடிக்காக நானும் அவரும் முட்டிக்கிட்டு நிக்கிறோம்!"

"அங்க போனா கத்திடறேன்டி. என்னை அறியாமலே கத்தறேன். எல்லாரும் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் செய்யறாங்க, நான் மட்டும் ஊரைக் கூட்டறேன். வீட்டுல செஞ்சா கீழ்வீட்டுக்குக் கேக்கும். வெக்கமா இருக்குடி."

அவள் வலி தாங்க மாட்டாள் என்று தெரியும். இதைத் தெரிந்துகொள்ளவில்லை. திரும்பிவிட்டோம்.

அத்தானைக் காரில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். அமுக்கினார். அழுத்திப் பிடித்தார். இரண்டு விரலால் பிடித்தார். "எப்படி அமுக்கறீங்க அத்தான்?" என்றேன். சிரிக்கவில்லை. இறங்கி, கதவுக்கும் வண்டிக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாயை உருவிப் பார்த்தார். உள்ளே ஒரு வயர், மடங்குகிற இடத்தில் அறுந்திருந்தது. திறந்தால் முனைகள் தொட்டுக்கொள்கின்றன, சாத்தினால் விலகிவிடுகின்றன.

அக்கா சொன்னதையும் சொன்னேன். வயரிலிருந்து கையை எடுத்தார்.

"என்கிட்ட சொல்லலியே."

"நீங்க கூட வந்தாத்தானே."

மார்ச் 15, சனி

அத்தான் புது வயர் போட்டார். வாயே திறக்கவில்லை. இது அவருக்குப் பெரிய தண்டனைதான்.

மார்ச் 16, ஞாயிறு

சோதித்துப் பார்க்க அக்காவையே உட்காரவைத்தோம். கதவைச் சாத்தி அமுக்கினாள். இறங்கியது. ஏறியது. அத்தான் பின்சீட்டில் உட்கார்ந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, இறக்கு. ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றேன்.

"வேண்டாம். நாலு கண்ணாடியையும் ஏத்து" என்றாள் அக்கா.

ஏற்றினேன். அவள் குதிகாலைத் தரையில் நன்றாக ஊன்றினாள். முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சீட்டுக்கு அடியில் இருக்கிற, சீட்டை நகர்த்துகிற கம்பியைத் தூக்கினாள். "பின்னாலேர்ந்து மெதுவா தள்ளுங்க" என்றாள் அவரிடம்.

தள்ளினார். சீட்டு அடிச்சட்டத்தில் ஒரு பல் முன்னால் நகர்ந்தது, கால் மடங்கியது. அக்கா போட்ட அலறலில் எனக்குக் காது அடைத்துவிட்டது. அத்தான் கையை எடுத்துவிட்டார். வெளியே ஒரு ஆள் நாயைப் பிடித்துக்கொண்டு காரை ஒட்டியே போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா அந்த ஆள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் ஒரு பல் தள்ளுங்க."