வெய்யிலில் எடுத்த படம்

மேய்ஸ் ஹில், சிட்னி
05.02.2012

என் செல்லப் பேத்தி வினுஷாவுக்கு,

முழங்கால் நோவைத் தவிர அம்மம்மாவுக்கு முருகன் ஒரு குறையும் வைக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி நேர்ஸ் என்று கோயிலில் நான் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் டார்னெய்ட்டில் ஆபிரிக்கப் பெண்களுக்கு வகுப்பு நடத்துகிறாயாம். மூச்சுப் பயிற்சி, சாப்பாடு எல்லாம் சரி. தன்னைத் தான் மதிக்கவும் ஒரு வகுப்போ? "கறுத்தச் சனத்தோட நிண்டு பிள்ளை இன்னும் கறுக்கப்போகுது" என்று அடுத்த வீட்டு விமலா சிரித்தா. எனக்குப் பொறுக்கவில்லை. வெய்யிலுக்குக் குடை பிடி. நீ கேட்ட, பெரியபிள்ளையானபோது எடுத்த சாமத்திய வீட்டு அல்பத்தோடு நிறம் வெளுக்கும் கிறீமும் வைத்திருக்கிறேன்.

அம்மம்மா

டார்னெய்ட்
26.02.2012

அம்மம்மா,

அல்பம் கிடைத்தது. வகுப்பில் ஒவ்வொருவரும் தன் சின்ன வயதுப் படத்தைக் காட்டி, அந்தப் பிள்ளைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லவேண்டும். முதலில் நான் அல்பத்தைக் காட்டினேன். சூடானில் இருந்து வந்த அபுக் அக்கா, "இது யார்?" என்றா. நான்தான் என்றேன். "உன் நிறத்தை யார் கழுவினார்கள்?" என்று கேட்டா. நான் அல்பத்தை மூடிவிட்டேன்.

ஸ்டூடியோவில் வெளுப்பாக்கச் சொன்னது நீங்கள் என்று அம்மா சொன்னா. என் நிறத்தில் ஒரு படமாவது இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் இனிக் கடிதம் வேண்டாம். கிறீமைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

வினுஷா

மேய்ஸ் ஹில்
19.03.2012

வினுஷா,

நாலு பெட்டியும் கிளறினேன். உன் நிறத்தில் ஒரு படமும் இல்லை. ஓம், நான்தான் சொன்னேன். "கொஞ்சம் வெளுப்பாய் எடுங்கோ தம்பி, நாளைக்கு நாலு இடத்துக்குக் காட்டவேணும்." என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் முகத்தைக் கண்டதும் தேத்தண்ணி குடிக்காமல் எழும்பிப் போனார்கள். அது உனக்கு வரக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் என்னைப் பார்த்த கண்ணால்தான் நான் உன்னைப் பார்த்திருக்கிறேன்.

நேற்றுக் கோயில் வாசலில், அங்கே வரும் பெடியன் சிறியைக் கொண்டு ஒரு படம் எடுப்பித்தேன். பவுடர் பூசவில்லை. "நிழலுக்கு வாங்கோ அன்ரி" என்றான். "வெய்யிலுக்கையே எடடா" என்றேன். எழுபத்தாறு வயதில், என் நிறத்தில் எனக்கு இருக்கும் ஒரே படம்.

நீ பிறந்தபோது, அம்மம்மாவை உரித்து வைத்திருக்கிறது என்றார்கள். நான் சந்தோஷப்படவில்லை. இப்போது நானே சந்தோஷமாய்ச் சொல்கிறேன், நீ என்னை உரித்து வைத்த பிள்ளை.

இதோடு வைத்திருக்கும் அந்தப் படத்தை வகுப்பில் காட்டு. ஆரெண்டு தெரியுதோ என்று அந்த அபுக்கைக் கேள். பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. படத்தை மட்டும் திருப்பி அனுப்பாதே.

வேதவல்லி அம்மம்மா